பத்து பைசாவுக்கு ஒரு மார்க்

சில்லறை விற்பது ஒரு தொழில் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்னோடு படித்த நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். சதுர ஐந்து பைசாவையும், அறுகோண மூன்று பைசாவையும், பூ விளிம்பு வைத்த பத்து பைசாவையும் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மிட்டாய்க் கடை முன்னால் நின்ற கூட்டம்தானே நாம். மலை சுற்ற வருகிறவர்கள் வழிநெடுக உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கு ஆளுக்கொரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள். ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தைச் செய்து கட்டுப்படியாகாது. அதற்குத்தான் என் அப்பா செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் சாக்கு விரித்து, முன்னால் குழி குழியாகக் குடைந்த மரத்தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் தொண்ணூற்றைந்து பைசாவுக்குச் சில்லறை தருவார். சாயங்காலம் அதே சாமியார்கள் திருவோட்டைக் கவிழ்த்து, சேர்ந்த சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்கிப் போவார்கள். காலையில் போன காசு மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்பாவிடமே வந்து சேரும். எங்கள் அப்பா ஒரு பேங்க் என்று நான் வகுப்பில் பீற்றிக்கொண்டதை உங்களில் சிலராவது மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏழாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பீற்றல் நின்றுவிட்டது. அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் லாட்ஜில் இருக்கிறார் என்பேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். வெட்கம். இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு யாரை நினைத்து வெட்கப்பட்டேனோ, அவரை நினைத்து இல்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரங்களில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பள்ளி விட்டதும் நேரே புளியமரத்தடிக்குப் போய்விடுவேன். காசுகளை ரகம் பிரித்து அடுக்குவது என் வேலை. அலுமினியக் காசுகளைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாலும் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் அந்த வாசனைதான் வரும். தீபத் திருவிழாதான் அப்பாவுக்கு வருஷ வருமானம். அந்தப் பத்து நாளுக்காக அவர் வேலூருக்குப் போய் மூட்டையாகச் சில்லறை வாங்கி வருவார். அதற்கான பணத்தை ஆடி மாசத்திலிருந்தே அம்மாவின் பழைய புடவைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்து வைப்பார்.

ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். கையேந்துகிறவரைப் பார்த்ததும் சட்டைப் பையில் கையை விட்டு எது அகப்படுகிறதோ அதைப் போட்டுவிடுவார்கள். அதனால் சாயங்காலக் குவியலில் அவ்வப்போது ஒரு வெளிநாட்டுக் காசு தலைகாட்டும். அப்பா அதைச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டார். இங்கே இது செல்லாது சாமி, பாப்பா படம் பார்க்கட்டும் என்று சொல்லி ஒரு பத்து பைசாவை எடுத்துக் கொடுப்பார். எந்த நாட்டுக் காசானாலும் சரி, எவ்வளவு பெரிய காசானாலும் சரி, பத்து பைசா. அந்த ஒரே விலைதான் பின்னால் வினையாக வந்தது.

அந்தக் காசுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ந்தன. பிரான்சு காசில் ஒரு பெண் முந்தானை பறக்க விதை தூவிக்கொண்டு போவாள். ஜப்பான் காசு ஒன்றில் நடுவில் ஓட்டை, பக்கத்தில் நெற்கதிர். அம்மாவுக்கு அது ஒன்றுதான் பிடிக்கும், நம்ம ஊர் காசு மாதிரி இருக்கிறதென்பாள். ஜப்பானின் இன்னொரு காசு அலுமினியம், ஊதினால் பறக்கிற கனம்தான் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது கழுகு போட்ட ஒரு காசு. அதைக் கொண்டுவந்தவர் தலையில் எப்போதும் பச்சைத் துண்டு கட்டியிருக்கும் ஒரு பெரியவர். ஏதோ ரயில்வே சமையல்கட்டில் வேலை பார்த்தவராம், வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் குட் மார்னிங் என்பார், சாயங்காலமானாலும் குட் மார்னிங்தான். அதற்காகவே அவருக்குத்தான் வெளிநாட்டுக் காசு ஜாஸ்தியாக விழும். பச்சைத் துண்டுத் தாத்தா என்று கூப்பிடுவேன்.

பள்ளியில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றதும் நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் சரித்திர டீச்சர் முன்னால் வைத்தேன். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உலக நாணயங்களின் கதை என்று தலைப்பும் வைத்துவிட்டார். ஒரு வாரம் எங்களுக்கு வேறு பாடமே நடக்கவில்லை. ஆட்டைக் கொடுத்து நெல் வாங்கிய காலம், சோழியைக் கொடுத்துச் சாமான் வாங்கிய காலம், உப்பே கூலியாக இருந்த காலம், துருக்கிப் பக்கம் யாரோ ஒரு ராஜா முதன்முதலில் காசில் சிங்கத் தலையை அச்சடித்தது, சீனாக்காரன் காகிதத்தைப் பணமாக்கியது எல்லாம் சொன்னார். வெள்ளைக்காரன் கேஷ் என்று சொல்வது நம்முடைய காசுதான் என்றபோது நாமெல்லாம் கைதட்டினோம். எங்கோ நடுக்கடல் தீவு ஒன்றில் ஆட்டுக்கல் மாதிரி பெரிய வட்டக் கல்தான் பணமாம். அதை யாரும் நகர்த்தக்கூட மாட்டார்களாம், இது இனி உன்னுடையது என்று வாயால் சொன்னால் போதுமாம். அதில் ஒரு கல் கடலில் விழுந்து மூழ்கிப்போன பிறகும் செல்லுபடியானது, ஊர் ஒத்துக்கொண்டால் ஆயிற்று என்றார் டீச்சர். பின் வரிசையில் யாரோ, அந்தக் கல்லை எங்க வீட்டு மாவுக்குத் தரச்சொல்லுங்க டீச்சர் என்று சொல்லி உதை வாங்கினாள். அது நான்தான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறவள் ஒத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு அட்டை எழுதச் சொன்னார். நாட்டின் பெயர், காசின் பெயர், நம் பணத்தில் அதன் மதிப்பு. மதிப்பை டீச்சரே ஆங்கிலப் பேப்பரிலிருந்து பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் சிவப்பு மையில் எழுதினேன். கழுகுக் காசு ஜெர்மனியின் ஐந்து மார்க். அதற்கு நேராக இருபது ரூபாய்க்கு மேல் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காசு பார்க்க அழகு, எண்ணும் பெரியது, அவ்வளவுதான். கண்காட்சிக்கு முதல் நாள் அப்பா மரத்தடியிலேயே புளி கொண்டுவந்து எல்லாக் காசையும் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். டீச்சர் என்னைத்தான் விளக்கம் சொல்ல நிறுத்தியிருக்கிறார் என்று நான் சொன்னபோது அப்பா பக்கத்திலிருந்த பூக்காரம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

பச்சைத் துண்டுத் தாத்தாவைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டது நான்தான். மேஜையில் பாதிக் காசு அவருடையது, அவர் பார்க்க வேண்டாமா. அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, துண்டைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் தயங்கி நின்றவரை டீச்சரே உள்ளே அழைத்து வந்தார். அது டீச்சரின் நல்ல மனசு. நல்ல மனசோடுதான் கழுகுக் காசைக் கையில் எடுத்து அவரிடம் காட்டினார்.

"பாருங்க பெரியவரே, இந்த ஒத்தைக் காசு நம்ம பணத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல."

தாத்தா காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது பாப்பா. உங்கப்பா பத்து பைசா குடுத்தாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கணக்குப் புரியாமல் கேட்கிறவர் குரல்தான். சுற்றி நின்ற பெரியவர்களில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். டீச்சர் என் பக்கம் திரும்பாமலே, நான் எழுதிய அட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பரிந்துதான் அப்படிச் செய்தார். ஆனால் அவர் கவிழ்த்த அந்த நொடியில்தான் என் அப்பா திருடர் என்று எனக்குத் தோன்றியது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன். அடுத்து வந்தவர்களுக்கு நான் எதை விளக்கினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் மரத்தடிக்குப் போனபோது எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. ஏழெட்டுச் சாமியார்கள் அப்பாவைச் சுற்றி நின்றார்கள். அப்பா திரும்பத் திரும்பச் செல்லாது, செல்லாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். செல்லாத காசை எதுக்கு வாங்கினே என்று ஒருவர் கேட்டார். அதற்கு அப்பா பாப்பாவுக்கு என்று என்னைக் காட்டினார். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். திருட்டுக்கு என்னையும் கூட்டுச் சேர்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அப்பா கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்காட்சி முடிந்து அட்டைகளோடு நான் திருப்பிக் கொண்டுவந்த காசுகளை மறுபடி பாட்டிலில் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனார். வெளிநாட்டு நோட்டு என்றால் அதற்கு வழி இருக்கிறது, காசு எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாராம், சிரித்தார்களாம். அங்கிருந்து நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். வகுப்பு வாசலில் நின்று, தன்னோடு ஒரு தடவை வந்து பேங்கில் கேட்கும்படி டீச்சரைக் கும்பிடாத குறையாகக் கேட்டார். பேப்பரில் போட்டிருப்பதை இல்லையென்று எப்படிச் சொல்வது, படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இப்படி வந்து நிற்கிறீர்களே என்றார் டீச்சர். நீங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

வீட்டில் அம்மாவும் நம்பவில்லை.

"செல்லாதுன்னு நீங்கதான் சொல்றீங்க. இருபது ரூபான்னு பேப்பரே சொல்லுது. ஊரு எதைங்க நம்பும்?"

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா சொல்றே பாப்பா?"

நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்தார்.

காலையில் மரத்தடியில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். யார் யார் என்ன காசு கொடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, நான் சிவப்பு மையில் எழுதிய அட்டைகளைப் பார்த்து அதன்படி கொடுத்தார். எனக்கு லீவு, பக்கத்தில் நின்று அட்டையை வாசிக்க வேண்டியிருந்தது. கொடுக்காத காசைக் கொடுத்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் கொடுத்தார். ஊதினால் பறக்கும் அந்த ஜப்பான் காசுக்கு என் அட்டைப்படி பத்து பைசாவே அதிகம், அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. கடைசியாகப் பச்சைத் துண்டுத் தாத்தா வந்தார். வேண்டாம் மொதலாளி என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துத் திணித்தார். வாங்கிக்கொண்டவர் குனிந்த தலை நிமிராமல் போனார். அதற்குப் பிறகு அவர் அப்பாவின் மரத்தடிப் பக்கமே வராமல் ரோட்டின் அந்த ஓரமாகவே நடந்து போனார். எனக்கும் அவர் குட் மார்னிங் சொல்லவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டால் பெயர் மீண்டுவிடும் என்று அம்மா நினைத்திருந்தாள். நடந்தது வேறு. குற்றம் செய்யாதவன் எதற்குக் கொடுக்கிறான் என்று ஊர் கேட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று என் தாய்மாமாவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒத்துக்கொண்டுவிட்டார், அதனால்தான் கொடுத்தார் என்று என் புத்திக்குப் பட்டது. பன்னிரண்டு வயதுக்கு அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது.

வேலூருக்குப் போகப் பணமில்லை. தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரிந்து ஊரே அரோகரா போட்டபோது அப்பாவின் தட்டில் பாதிக் குழிகள் காலியாக இருந்தன. எதிர்ச்சாரியில் வேறொருவர் சாக்கு விரித்திருந்தார், கூட்டம் அங்கே நின்றது. அடுத்த வருஷம் அப்பா மரத்தடியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. கண் மூடிக்கொண்டு சில்லறை எண்ணுகிற மனிதரை அந்த முதலாளி ஒரு நாளும் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. பாட்டிலில் இருந்ததை அம்மா கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் கொட்டிவிட்டு வந்தாள். சாமிக்கு மட்டும்தான் எல்லா ஊர்க் காசும் செல்லும் என்றாள்.

இப்போது என் பையன் ஜெர்மனியில் இருக்கிறான். அந்த ஊர்க்காரர்களே மார்க்கை விட்டுவிட்டு யூரோவுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. போன கோடையில் அவனோடு இருந்துவிட்டுத் திரும்பும்போது கைப்பையில் ஒரு பிடி யூரோ காசு மிஞ்சிவிட்டது. சென்னை ஏர்போர்ட்டில் பணம் மாற்றும் கவுன்டரில் நோட்டுகளோடு அதையும் நீட்டினேன். அங்கே இருந்த பெண் நோட்டை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பித் தள்ளினாள்.

"நோட்டு மட்டும்தான் மேடம். காயின்ஸ் யாருமே எடுக்க மாட்டாங்க."

நான் ஏன் என்று கேட்டேன். அது அப்படித்தான் மேடம் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பெட்டிகளை வைத்த தள்ளுவண்டியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பா சொன்ன செல்லாது உண்மை. டீச்சர் சொன்ன இருபது ரூபாயும் உண்மை. முந்தின வாரம்தான் பையன் அப்படிப்பட்ட காசைக் கொடுத்து எனக்குக் காபி வாங்கித் தந்தான். அன்றைக்கு மரத்தடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆசிரமம் இருந்தது. ஊருக்குத் திரும்பப்போகிற ஒரு ஜெர்மன்காரரிடம் அந்தக் கழுகுக் காசை நீட்டியிருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுத்திருப்பார். டீச்சருக்கு அது தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை, குட் மார்னிங் சொன்ன தாத்தாவுக்கும் தோன்றவில்லை. அவர்கள் போடுகிறவர்கள், நாம் வாங்குகிறவர்கள். அவர்களிடம் போய் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நம் ஊரில் யாருக்குத்தான் அன்றைக்குத் தோன்றியிருக்கும்.

அப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அம்மா போன பிறகு வேங்கிக்காலில் எங்களோடுதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவி முன்னால் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஏர்போர்ட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் அழுவார் என்றோ, இப்பவாவது தெரிஞ்சுதா என்று திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அத அப்பவே பேங்க்ல சொல்லிட்டாங்களேம்மா" என்றார்.

அப்புறம் ஏம்ப்பா குடுத்தீங்க, அவங்க நம்பணும்னா என்று கேட்டேன். அவர் காதருகே குனிந்து இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க கெடக்கறாங்க, நாலு நாள்ல மறந்துடுவாங்க. நீ பாத்தே பாரு ஒரு பார்வ. அதுக்குத்தான் குடுத்தேன். குடுத்துட்டா அது போயிடும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுப் பொரிகடலைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். போனதா என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தப் பார்வையோடுதான் நான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.